மூட்டைக்கு ஆள் தேடுகிறார்கள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போன் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. எவரிஸ்தோ புவெல்னா அப்போது தன் குத்துச்சண்டை ஜிம் வாசலில் நின்று கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அமெரிக்க எல்லையை ஒட்டிய மெஹிகாலியில் ஜூலை மாதம் காலை எட்டு மணிக்கே தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். கூலர் காற்று வரும், குளிர்தான் வராது.

"எவரிஸ்தோ! எப்படி இருக்கே? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றது குரல்.

பேசியது பெனெட்ஸ்கி. குத்துச்சண்டைக்கு ஜோடி சேர்த்துவிடும் தரகன். இருபது வருடப் பழக்கத்தில் ஒரு நாள்கூட எவரிஸ்தோவின் வீட்டைப் பற்றி அவன் கேட்டதில்லை. எவரிஸ்தோவுக்குப் பெண்டாட்டி செத்துப் பதினோரு வருடம் ஆகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எவரிஸ்தோ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். தோல்வியே காணாத டெவின் மார்ஷுக்கு செப்டம்பரில் ஒரு சண்டை. எதிராளியாக எவரிஸ்தோவின் சீடன் நபோர் கோட்டா வேண்டும். பத்து ரவுண்டு, டிவியில் நேரடி ஒளிபரப்பு, கேட்டதைக் கொடுப்பார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எவரிஸ்தோ போனை வைத்தார். வேறு எவனாவது என்றால் துள்ளிக் குதித்திருப்பான். எவரிஸ்தோ கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவதையே மறந்துவிட்டார்.

நாலு வருடத்துக்கு முன்னால் இதே மார்ஷோடு மோத வேண்டும் என்று இதே பெனெட்ஸ்கியிடம் எவரிஸ்தோ நாயாய் அலைந்தவர். மார்ஷுக்குக் கை வலி என்றான். பிறகு எடை சரிப்படாது என்றான். பிறகு போனையே எடுக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அன்றைக்கு நபோரின் இடது ஹூக்கை, பக்கவாட்டில் வளைந்து வரும் அந்தக் குத்தை, வாங்கியவன் எவனும் நின்றது கிடையாது. அப்படி ஓடி ஒளிந்தவர்கள் இன்று தாங்களாகவே வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விதமான ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவன், அவர்களால் தவிர்க்க முடியாதவன். இன்னொருவனுக்கு எங்கள் ஊரில் 'மூட்டை' என்று பெயர். பழைய பேர் இருக்கும், சுவரொட்டிக்கு முகம் இருக்கும், அடித்தால் விழுவான். தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவதால் மூட்டை.

நபோரிடம் அவர்கள் எதையோ பார்த்திருக்கிறார்கள். எதை? எங்கே? அதைவிட, எவரிஸ்தோவின் கண்ணுக்குத் தப்பிய ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

அது நடக்க முடியாத காரியம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் ஒரு சண்டைக்காரன் உச்சத்தில் இருக்கிறானா, இறங்கிவிட்டானா என்று சொல்வதில் எவரிஸ்தோவை மிஞ்ச அந்த மாநிலத்தில் ஆள் கிடையாது. வயதைப் பார்ப்பவன் முட்டாள், ஜெயித்த கணக்கைப் பார்ப்பவன் அதைவிடப் பெரிய முட்டாள் என்பார். முதலில் கால்தான் போகும் என்று சொல்கிற வாத்தியார்கள் உண்டு. எவரிஸ்தோ அதையும் ஒப்பமாட்டார். பேட் பிடிக்கிறவன் கைக்குத்தான் முதலில் தெரியும் என்பது அவர் கட்சி. இரண்டு கையிலும் தோல் பேட்டை மாட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, குத்து விழும் சத்தத்தைக் கேட்பார். கையில் தெறிக்கும் அடியை உணர்வார். போதும். மெல்கியாதெஸ் என்பவனிடம் ஒரு காலையில் பேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "போதும்பா, நீ லாரி ஓட்டப் போ" என்றார். அவன் அழுதான், லாரி ஓட்டப் போனான், இன்றைக்கும் கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பேசுகிறான். காசிமிரோவிடமும் அதையே சொன்னார். அவன் கேட்காமல் வேறு வாத்தியாரிடம் போய் இரண்டே சண்டை போட்டான். இன்றைக்கு அவன் சட்டைக்குப் பித்தான் போட்டுவிடுவது அவன் பெண்டாட்டிதான்.

நபோர் காசிமிரோ ஆகிவிடக் கூடாது. எவரிஸ்தோவுக்கு இதில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

செய்தியைக் கேட்டதும் நபோர் ரிங்குக்குள்ளேயே ஒரு சுற்று ஓடினான். முப்பத்து மூன்று வயது, பதினான்கு வருடமாக எவரிஸ்தோவின் கையில் வளர்ந்தவன்.

"மார்ஷா? நிஜமாவா வாத்தியாரே? கடைசியில அவன் பொந்தை விட்டு வெளிய வந்துட்டானா!"

"வந்துட்டான். ஏன் வந்தான்னு யோசிச்சியா?"

"வேற ஆள் இல்ல. அதான் வந்துட்டான்."

"இருபது பேர் இருக்கான் உன் எடையில."

"அப்போ தைரியம் வந்துடுச்சு. வாத்தியாரே, உங்களுக்கு நல்ல சேதியே வரக்கூடாதா? கல்யாண வீட்டுக்குப் போனாலும் சோத்துல கல்லுதான் தேடுவீங்க."

"கல்லு இருக்கிற சோறுன்னா தேடத்தான் வேணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் கொடு."

"எடுத்துக்கோங்க. ஆனா பதில் என்னன்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்தான் நபோர்.

அன்றே ஆறு ரவுண்டு பேட் பிடித்தார். பட், பட், படார். அதே சத்தம், தோள்வரைக்கும் ஏறும் அதே அதிர்வு. ஹூக் வந்து விழும்போது பக்கத்துக் கூலர் ரிப்பேர் கடைக்காரன் வழக்கம்போல எட்டிப் பார்த்தான். எவரிஸ்தோ பாதி மூடிய கண்ணைத் திறந்தார். ஆள் குறையவில்லை. கையடித்துச் சத்தியம் செய்யலாம்.

மத்தியானம் பிப்ரவரி மாதம் திஹுவானாவில் நடந்த சண்டையின் வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். புள்ளிக் கணக்கில் நபோருக்குத்தான் வெற்றி. எதிராளி ஒரு கல்லுளிமங்கன், எவனாலும் அவனைச் சாய்க்க முடியாது. புருவத்தில் ஒரு வெட்டு, அது அவன் தலை இடித்ததில் வந்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆளிடம் குறையில்லை, சண்டையிலும் குறையில்லை என்றால் எவனோ உள்ளேயிருந்து கதை கட்டிவிட்டிருக்கிறான். அவன் யார் என்பதுதான் இனிமேல் விஷயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றிலிருந்து எவரிஸ்தோ ஜிம்மில் தும்மியவனைக்கூடத் திரும்பிப் பார்த்தார்.

முதல் சந்தேகம் ஒக்டாவியோ மேல் விழுந்தது. இருபத்தாறு வயது, நபோரின் ஸ்பாரிங் ஜோடி, அதாவது பயிற்சிக்காக அவனோடு மோதுகிறவன். போன வாரம்தான் புதுச் செருப்பு வாங்கியிருந்தான். போனில் பேசும்போது வெளியே போய்ப் பேசினான். செவ்வாய்க்கிழமை இருவரையும் ரிங்கில் ஏற்றிவிட்டு, எவரிஸ்தோ நபோரைப் பார்க்காமல் ஒக்டாவியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் பொறி தட்டியது. ஒக்டாவியோவின் ஆயுதமே இடது குத்துக்கு மேலாக வரும் வலது கைதான். எதிராளி இடது கையை நீட்டிவிட்டுத் திரும்ப இழுக்கும்போது அது கொஞ்சம் தாழ்ந்தால், அந்த இடைவெளியில் ஒக்டாவியோவின் வலது கை வந்து இறங்கும். நாலு ரவுண்டில் அந்த வலதை அவன் ஒரு தடவைகூடப் போடவில்லை. போட வாய்ப்பு வந்தபோதெல்லாம் தோள் துடித்தது, கை வரவில்லை.

நபோர் குளிக்கப் போனதும் அவனைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக மடக்கினார்.

"உன் வலது கைக்கு என்னடா ஆச்சு? சுளுக்கா?"

"இல்லயே வாத்தியாரே."

"அப்போ ஏன் பையிலேயே வெச்சிருக்கே? யாருடா உனக்கு இப்படி விளையாடச் சொன்னது? அந்தப் பக்கத்துக்காரன் யாராவது உன்கிட்ட பேசினானா? நபோரை ஏமாத்தி, நல்லாத்தான் இருக்கோம்னு நம்ப வெச்சு, அங்க கொண்டுபோய் விடணும்னு?"

ஒக்டாவியோ முழித்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எவரிஸ்தோவுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"வாத்தியாரே, நீங்கதானே சொன்னீங்க?"

"நானா?"

"மார்ச்சுல. புருவத்துல தையல் இருக்கு, வலதைப் போடாதேன்னு சொன்னீங்க. அப்புறம் நீங்களும் போடுன்னு சொல்லல, நானும் போடல."

தையல் பிரித்தது ஏப்ரல் முதல் வாரம். இப்போது ஜூலை. எவரிஸ்தோவின் சந்தேகம் கொஞ்சம் தணிந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"மறந்துட்டேன். அதுக்காக நீ வாயை மூடிட்டு இருப்பியா?"

"நல்லா இருந்துச்சு வாத்தியாரே, அப்படியே" என்றான் ஒக்டாவியோ தரையைப் பார்த்துக்கொண்டு. "அண்ணனும் சந்தோஷமா இருந்தாரு."

இதற்கு என்ன அர்த்தம் என்று எவரிஸ்தோ அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்கிற கேள்விகளை மனிதன் லேசில் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக அடுத்த ஆளைத் தேடினார்.

அடுத்த ஆள் கிடைக்கக் கஷ்டமாக இல்லை. நபோரின் மனைவி க்ரிசெல்தா. எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில், அமெரிக்கர்கள் மலிவாகப் பல் கட்டிக்கொள்ள வருகிற ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. புருஷன் சண்டையை விட்டால் போதும் என்று கன்னி மரியாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். வீட்டுக்கு வந்த போனை எடுத்து, "என் புருஷன் முன்ன மாதிரி இல்ல சார்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. சண்டையே வராமல் போகும் என்று நினைத்துச் சொல்லியிருப்பாள், பாவம். அப்படிச் சொன்னால்தான் சண்டை வரும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை மத்தியானம் போனார். வரவேற்பறை நிறைய வாய் மரத்துப்போன வெள்ளைக்காரக் கிழவர்கள் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தார்கள். க்ரிசெல்தா சாப்பாட்டு நேரம் என்று சொல்லி அவரைப் பக்கத்துச் சீனச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனாள். ஒரு தட்டு வறுத்த சோறு வாங்கி நடுவில் வைத்தாள். எவரிஸ்தோ தொடவில்லை.

"சொல்லுங்க வாத்தியாரே. என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கீங்கன்னா ஏதோ விஷயம்."

"ஏம்மா, லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் யாராவது உன்கிட்ட பேசினானா?"

"என்கிட்டயா? எதுக்கு?"

"நபோரைப் பத்திக் கேக்க. நீ ஏதாவது சொல்லியிருந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பே."

க்ரிசெல்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சொல்லணும்னு இருந்தா எங்க சொல்லியிருப்பேன் தெரியுமா? உங்ககிட்ட. ரெண்டு வருஷமா வாய் நுனி வரைக்கும் வந்துச்சு. ராத்திரி தூக்கத்துல அவர் கை நடுங்குது. சாவியை எங்க வெச்சேன்னு தினம் தேடுறாரு. உங்ககிட்ட சொல்லலாம்னு கிளம்புவேன். அப்புறம் நினைச்சுப்பேன், வாத்தியாருக்குத் தெரியாததா? ஏதாவது இருந்தா அவரே சொல்லியிருப்பாரே. மெல்கியாதெஸுக்குச் சொன்னவரு, காசிமிரோவுக்குச் சொன்னவரு, என் புருஷனுக்கு மட்டும் சொல்லாம இருப்பாரா? அந்த நம்பிக்கையிலதான் நான் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா என்மேலேயே சந்தேகப்பட்டு வந்து நிக்கிறீங்க."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவரிஸ்தோவுக்கு முகம் சுண்டிப்போனது.

"அவங்க எதையோ பார்த்திருக்காங்கம்மா. எங்க பார்த்தாங்கன்னுதான் புரியல."

"ஊரே பார்க்குதே. இது ரகசியமா?" என்று அவள் போனை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள். "வெள்ளிக்கிழமை தோறும் நான்தானே எடுத்துப் போடுறேன். நீங்க பேட் பிடிக்கிற வீடியோ. அவருக்கு அது போட்டே ஆகணும். ஆறாயிரம் பேர் பார்க்கிறாங்க. நீங்க ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. தான் பேட் பிடிப்பதைத் தானே எதற்குப் பார்க்க வேண்டும்? கை அறியாததா கண்ணுக்குத் தெரியப் போகிறது?

போன வாரத்து வீடியோவைப் போட்டாள். பட், பட், படார். நன்றாகத்தான் இருந்தது. "பாரு, குறை என்ன இருக்கு?" என்றார். அவள் விரலால் தள்ளித் தள்ளி, ஐந்து வருடம் பின்னால் போய் ஒன்றை எடுத்தாள்.

அதே ரிங், அதே இருவர். முதலில் எவரிஸ்தோ தன்னுடைய தலைமுடியைத்தான் பார்த்தார், அப்போது கொஞ்சம் கறுப்பு இருந்தது. பிறகு பேட்டைப் பார்த்தார். பழைய வீடியோவில் பேட் காதுக்கு நேராக நின்றது. குத்து வரும்போது அது பின்னால் நழுவியது, இடம் மாறியது, சில சமயம் இல்லாமலே போனது. நபோரின் கை அதை விரட்டிக்கொண்டு போய்ப் பிடித்தது. இடையிடையே எவரிஸ்தோ பேட்டால் அவன் தலையை நோக்கி வீசினார். வீச்சு போய்ச் சேரும்போது அங்கே தலை இருக்காது.

திரும்பப் புதியதைப் போடச் சொன்னார். இப்போது தெரிந்தது. பேட் காதுக்கு நேராக இல்லை. ஒரு சாண் கீழே இருந்தது. நபோரின் ஹூக் தாமதமாக, தாழ்வாக வந்தது. வரும் வழியிலேயே பேட் இறங்கிப் போய், எதிரே சென்று, அதை ஏந்திக்கொண்டது. சத்தம் அதனால்தான் அப்படியே இருந்தது. தலையை நோக்கி வீசிய வீச்சோ பாதி வழியில் நின்று, தலை குனியும்வரை காத்திருந்துவிட்டு, மேலாகப் போனது. அடி பேட்டைத் தேடிப் போகவில்லை. பேட்தான் அடியைத் தேடிப் போயிருக்கிறது.

நிறுத்தி நிறுத்தி ஏழு தடவை பார்த்தார். யாரும் சொல்லிக் கொடுத்து அந்தக் கை அப்படிச் செய்யவில்லை. பதினான்கு வருடம் ஒரு பிள்ளையின் குத்தை வாங்கிய கை, அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையக் குறைய, தானும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. எஜமானனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் இருப்பவன் மேலெல்லாம் சந்தேகப்பட்ட எவரிஸ்தோ, மணிக்கட்டுக்குக் கீழே இருந்த அந்தக் களவாணிகள் மேல் மட்டும் சந்தேகப்படவே இல்லை. பெனெட்ஸ்கி நபோரைப் பார்த்திருக்கவே மாட்டான். பேட் பிடிக்கிறவன் கையைத்தான் பார்த்திருப்பான்.

அவருக்கு அழுகை வந்தது. அந்த மேஜையிலேயே, அந்தச் சோற்றுத் தட்டுக்கு முன்னால், அறுபத்தொரு வயது மனிதர் அழுதார். க்ரிசெல்தா பயந்துபோய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நபோர் விசிலடித்துக்கொண்டே வந்தான். க்ரிசெல்தாவும் வந்தாள், வீடியோ எடுக்கிற நாள் அல்லவா. ஒக்டாவியோ மூலையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். எவரிஸ்தோ பேட்டை மாட்டிக்கொண்டார். மாட்டும்போதே கைகளிடம் சொல்லிக்கொண்டார், இன்றைக்கு இருக்கிற இடத்தில் இருங்கள் என்று.

காதுக்கு நேராகப் பிடித்தார். நபோரின் ஹூக் வந்தது. கை துடித்தது, இறங்கிப் போய் ஏந்திக்கொள்ளத் தவித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். குத்து பேட்டின் கீழ் விளிம்பை உரசிக்கொண்டு காற்றில் போனது. நபோர் தடுமாறிக் கயிற்றில் சாய்ந்தான்.

"எங்க பிடிக்கிறீங்க வாத்தியாரே?"

"பிடிக்க வேண்டிய இடத்துல. வா."

இரண்டாவதும் காற்றில் போனது. அவர் தலையை நோக்கி வீசினார், காத்திருக்கவில்லை. பேட் அவன் காதில் பளீரென்று விழுந்தது. இரண்டாவது வீச்சும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. நபோரின் காது சிவந்தது. க்ரிசெல்தா போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் நபோர். "என்ன பண்றீங்க? நாலு நாளா பார்க்கிறேன், என்னை ஒரு மாதிரியா பார்க்கிறீங்க, ஒக்டாவியோவை மடக்கி ஏதோ கேக்குறீங்க. இப்போ வேணும்னே பேட்டை நகத்துறீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது? மார்ஷ் ஆளுங்களா? நான் பயந்துக்கிட்டே அங்க போய் நிக்கணும்னா?"

"பேட்டை நான் நகத்தலடா. இத்தனை நாளா நகத்தினேன். இன்னைக்குத்தான் நகத்தல."

"புரியிற மாதிரி பேசுங்க."

"மார்ஷ் வேணாம். எவனும் வேணாம். போதும்பா உனக்கு."

நபோர் சிரித்தான். அது நல்ல சிரிப்பில்லை. "வயசாயிடுச்சு உங்களுக்கு. கை நடுங்குது, பேட் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. பழியை என்மேல போடாதீங்க. ஒக்டாவியோ, நீ வாடா. நீ பிடி."

ஒக்டாவியோ தயங்கித் தயங்கி வந்து பேட்டை வாங்கிக்கொண்டான். நபோர் அடித்தான். பட், பட், படார். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். எவரிஸ்தோ ஒக்டாவியோவின் கையைப் பார்த்தார். அதுவும் ஒரு சாண் இறங்கித்தான் போனது. இவனுக்கும் அந்தப் பாசம் தொற்றிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றான் நபோர் மூச்சு வாங்க. "கேட்டுச்சா? க்ரிசெல்தா, இன்னைக்கே அவங்களுக்கு சரின்னு சொல்லிடு."

க்ரிசெல்தா எவரிஸ்தோவைத்தான் பார்த்தாள். அவருக்கு இனிமேல் வழி ஒன்றுதான் இருந்தது. 

"சொல்லட்டும். அதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஸ்பாரிங். ஒரே ரவுண்டு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

தலைக்கவசத்தை அவரே நபோருக்குக் கட்டிவிட்டார், இரண்டு தடவை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு ஒக்டாவியோவின் கையுறையைக் கட்டும் சாக்கில் குனிந்து, "வலதைப் போடு" என்றார்.

"மாட்டேன் வாத்தியாரே."

"போடுடா."

"அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல நான்தான் ஞானத் தகப்பன். என்னால ஆகாது."

"நீ போட்டா தலைக்கவசத்து மேல ஒண்ணு விழும். நீ போடலன்னா செப்டம்பர்ல கவசம் இல்லாத தலையில பத்து ரவுண்டு விழும். பாசம் இருக்கிறவன் நீ போடு."

ஒக்டாவியோவின் கண் கலங்கிவிட்டது. மணி அடித்தது. ஒரு நிமிடம்வரை ஒன்றும் நடக்கவில்லை. நபோர் சுற்றிவந்தான், அழகாகத்தான் சுற்றினான், பார்க்கத் தெரியாதவனுக்கு உச்சத்தில் இருப்பவன் மாதிரியே இருக்கும். இடது கையை நீட்டினான். இழுக்கும்போது அது தாழ்ந்தது. ஒக்டாவியோவின் வலது கை அதற்கு மேலாக வந்தது. அதில் அவன் முழுப் பலத்தையும் வைக்கவில்லை, பாதிகூட இல்லை. நபோருக்கு அது வருவதே தெரியவில்லை.

உட்கார்ந்த நிலையில் விழுந்தான். கால் இரண்டும் முன்னால் நீண்டிருக்க, குழந்தை தரையில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தான். ஒக்டாவியோ முழங்காலில் விழுந்து, "அண்ணே, அண்ணே" என்றான். எவரிஸ்தோ கயிற்றுக்குள் நுழைந்து கவசத்தைக் கழற்றினார். நபோரின் கண் மெல்ல மெல்லத் திரும்பிவந்து அவர் முகத்தில் நின்றது. எழுந்திருக்க அவன் முயற்சி செய்யவில்லை. 

"எவ்வளவு நாளா தெரியும்?" என்றான்.

'நேத்து மத்தியானம்' என்பதுதான் உண்மை. அது எவரிஸ்தோவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நபோரை அவர் அறிவார். நேற்றுத்தான் தெரியும் என்றால் அவன் என்ன சொல்வான்? இத்தனை வருடம் குருடாக இருந்தவரின் கண்ணை இன்றைக்கு மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்பான். ஒரு குத்து யாருக்கும் விழும் என்பான். எழுந்து, முகம் கழுவி, வேறு வாத்தியாரைத் தேடிக்கொண்டு செப்டம்பரில் போய் நிற்பான். காசிமிரோ செய்தது அதைத்தான். எவரிஸ்தோவின் கண் பொய்க்காது என்று அவன் நம்புகிறவரைதான் அவன் வீட்டில் இருப்பான்.

"சொல்லுங்க. எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா" என்றார் எவரிஸ்தோ.

"ரெண்டு வருஷமா தெரிஞ்சுக்கிட்டேவா என்னை ரிங்குல ஏத்தினீங்க?"

"ஆமா."

"ஏன்?"

"நீ ஜெயிச்சுக்கிட்டு இருந்தே. ஜிம்முக்கு உன்னை விட்டா வேற பேரு இல்ல. நீ நின்னுட்டா எனக்குப் பொழப்பு ஏது?"

க்ரிசெல்தா கயிற்றுக்கு வெளியே வாயைத் திறந்தாள். எவரிஸ்தோ தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் புறங்கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நபோர் எழுந்து கையுறையைக் கழற்றி எறிந்தான். உள்ளே கையில் சுற்றிய கட்டுத்துணியை எப்போதும் எவரிஸ்தோதான் கத்தரியால் வெட்டிவிடுவார். இன்றைக்கு அவர் கத்தரியை நீட்டியபோது அவன் வாங்கவில்லை, பல்லால் கிழித்தான்.

"அப்பான்னு நினைச்சேன் உங்களை" என்றான். கத்தவில்லை. "க்ரிசெல்தா, அவங்களுக்கு வேணாம்னு சொல்லிடு. நான் சண்டையை விட்டுட்டேன். வா போகலாம்."

அவள் அவன் பின்னால் போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள், புருஷன் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

எவரிஸ்தோ கிழிந்த கட்டுத்துணியைப் பொறுக்கினார். நபோர் சாகமாட்டான், சாவியைத் தேடுவான், ஆனால் அவன் பித்தானை அவனே போட்டுக்கொள்வான். அது போதும் என்று சொல்லிக்கொண்டார். போதவில்லை. 

ஒக்டாவியோ இன்னும் ரிங்கிலேயே நின்றிருந்தான்.

"வாத்தியாரே, நீங்க சொன்னது நிஜமா? ரெண்டு வருஷம்?"

இவனிடமாவது சொல்லலாம் என்று ஒரு ஆசை எழுந்தது. ஆனால் இவன் நபோர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிடுகிறவன், உண்மை என்றைக்காவது அங்கே போய்விடும்.

"நிஜம்தான்" என்றார்.

ஒக்டாவியோ கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். ஈரத் துண்டு, கயிறு, தண்ணீர்ப் போத்தல் என்று தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டான்.  அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக வெயிலில் இறங்கிப் போனான்.